மணியில் கட்டிய துணி

தைப்பூசம் முடிந்த மறு சனிக்கிழமை மெர்சிங் சாலையில் போய் வந்தேன். அங்கிருந்து படகேறும் தீவுக்குப் போகவில்லை. மழைக்காலக் கடைசியில் கடல் இன்னும் முரடாகத்தான் இருக்கும், படகும் நிச்சயமில்லை. நான் போனது சாலையோரக் கடை ஒன்றுக்கு, மன்னிப்புக் கேட்க. பத்து மாதம் தள்ளிப்போட்ட பயணம் இது.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. மில்லிமீட்டர் பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எங்கே போனாலும் தூரம், நேரம், செலவான வெள்ளி எல்லாவற்றையும் எழுதி, கூடவே ஒரு நீர்வண்ணப் படமும் வரைந்து போடுவேன். "கரெக்டா எழுதறீங்க சார், தேட வேண்டியதே இல்ல" என்று நீங்கள் எழுதும்போது எனக்குத் தலைகால் புரியாது.

போன ஆண்டு பங்குனியில் போட்ட இருவாச்சிப் பறவைப் பதிவு நினைவிருக்கும். இங்கே அதிகம் பேர் படித்தது அதுதான். கோத்தா திங்கிக்கும் மெர்சிங்குக்கும் நடுவில் கலா (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஒரு சின்னக் கடை நடத்துகிறார். பின்னால் எண்ணெய்ப்பனைத் தோட்டம். காட்டை அழித்துப் பனை வைத்தபோது ஒரே ஒரு பெரிய மரத்தை மட்டும் விட்டுவைத்தார்களாம், அடியில் முனியாண்டி சூலம் இருந்ததால். சாமி மரத்தில் யார் கை வைப்பார்கள்? அந்த மரத்துப் பொந்தில்தான் கூடு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் இருவாச்சி முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே பட்டினி.

அந்த மாதங்களில் கலா, சூலத்துக்குப் பக்கத்தில் தொங்கும் கோயில் மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டிவிடுவார். சத்தம் கேட்டால் ஆண் மிரண்டுபோய்க் கிட்ட வராது. "மணி அடிக்காட்டியும் சாமிக்குக் கேக்கும்ணே. பறவைக்குத்தான் பயம்" என்று அன்றைக்கே சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மரம், சூலம், மணி எல்லாவற்றையும் வரைந்தேன். துணியை வரையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய பழந்துணி. படத்தைக் கெடுக்கிறது என்று தோன்றியது. பித்தளையை மஞ்சளில் பளபளவென்று தீட்டினேன். பதிவிலும் துணியைப் பற்றி ஒரு வரி இல்லை. கடை எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுத மட்டும் மறக்கவில்லை.

மூன்றே வாரத்தில் ஒரு வாசகர் எழுதினார்: "போனோம். பறவை இல்லை. வீண் அலைச்சல்." கூட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. அன்றைக்கே போயிருக்க வேண்டும். வேலை, மழை, கார் சரியில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கலாவின் முகத்தைப் பார்க்கப் பயம்.

இந்த முறை தெப்ராவிலிருந்து இருட்டோடு 6.40க்குக் கிளம்பினேன். கோத்தா திங்கி 7.25. இரண்டு ரொட்டி சானாய், ஒரு குவளை தே தாரிக் தேநீர், ஆறு வெள்ளி. ஊரைத் தாண்டியதும் காடு இரு பக்கமும் நெருங்கி வரும். யானை கடக்கும் என்ற பலகைகளைச் சும்மா வைத்திருப்பதாக நினைக்காதீர்கள். ரோட்டோரம் புதுச் சாணம் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் சட்டம் போட்ட அந்தப் படம். அதைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சைத் தொடங்குவது சுலபம் என்று ஒரு நினைப்பு.

"வாங்கண்ணே, ரொம்ப நாளாச்சு. கோப்பியா, தேயா?" என்றார் கலா. திட்டியிருந்தால் தேவலை.

"நான் எழுதினதப் படிச்சிட்டு நெறைய பேரு வந்தாங்களா?"

"வந்தாங்கண்ணே. மொத சனிக்கிழமையே எட்டு காரு. நல்லவங்கதான், குப்பகூடப் போடல. சாமி கும்பிட்டாங்க. யாரோ மணியில அழுக்குத் துணி சுத்தி வச்சிருக்காங்கன்னு அவுத்து, பைப்புல தொவைச்சுக் காயப் போட்டுட்டாங்க. நான் நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடுறதுக்குள்ள ஆளாளுக்கு அடிச்சாச்சு. பிள்ளைங்கள வேற தூக்கிப் பிடிச்சு அடிக்க விட்டாங்க."

"நீங்க சொல்லலியா?"

"சொன்னேன்லா. கேட்டவங்க நிறுத்திட்டாங்க. மறுநாளு வேற ஆளுங்க. நான் கட்டுறேன், அவங்க அவுக்கிறாங்க. ஒருத்தரு போன்ல உங்க படத்தக் காட்டி, 'இதுல துணி இல்லியே'ன்னாரு."

ஆண் பறவை மூன்று நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே, அலகில் பழத்தோடு சுற்றியதாம். பிறகு காணோம். ஐந்தாம் நாள் பெண் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, சரியாகப் பறக்க முடியாமல் கிளைக்குக் கிளை தாவிப் போனதாம். "குஞ்சு சத்தம் ரெண்டு நாளு கேட்டுச்சுண்ணே. எங்க வீட்டுக்காரரு ஏணி வச்சுப் பாத்தாரு, எட்டல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, எனக்கு நூறு பாராட்டு வந்தது. என் வாயால் கெட்டது ஒரு குஞ்சு. "என்ன மன்னிச்சிருங்க கலா" என்றேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். அது மன்னிப்பா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கலாவோடு மரத்தடிக்குப் போனேன். பொந்து காலி. ஆனால் மணி நாக்கில் துணி சுற்றியிருந்தது, பழைய சாரோங் கைலியின் கிழிசல். கூடுதான் இல்லையே, எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"இந்த மாசந்தான் அதுங்க எடம் பாக்க வரும். வந்தா?"

காருக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றிப் படத்தை எடுத்தேன். வண்ணப்பெட்டி எப்போதும் காரில் இருக்கும். மணியின் மேல் துணியைத் தீட்டினேன். நீர்வண்ணம் அடியில் இருப்பதை மறைக்காது. பழுப்பை எத்தனை முறை பூசியும் அந்த மஞ்சள் தெரிந்துகொண்டேதான் இருந்தது. கலா வாங்கிப் பார்த்தார். கடைக்குள் மாட்டவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, மரத்துக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் கட்டினார். கீழே "மணி அடிக்காதீங்க" என்று மார்க்கர் பேனாவில் எழுதினார். 12.15 வரை உட்கார்ந்திருந்தேன். பறவை வரவில்லை.

போகிறவர்களுக்கு: தெப்ராவிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய 125 கிலோமீட்டர், நிற்காமல் போனால் இரண்டு மணி நேரம். பெட்ரோல் போகவர நாற்பது வெள்ளி. கோத்தா திங்கியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுப் பகுதியில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். தீவுக்கென்றால் மார்ச்சுக்குப் பிறகு போங்கள்.

பழைய பதிவை நீக்கிவிட்டேன். அதைப் பகிர்ந்தவர்கள், படத்தைச் சேமித்து வைத்திருப்பவர்கள், தயவுசெய்து அழித்துவிடுங்கள். எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்டு எனக்கு எழுத வேண்டாம். தேட வேண்டியதே இல்லை என்று பாராட்டினீர்களே, இந்த ஓர் இடத்தை மட்டும் தேடாதீர்கள்.