பால்கனி இங்கிலீஷ்

சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைத் தளத்துக்கு நான் சூப்பர்வைசர். புடவையைப் பார்க்கிறவர்களை விட்டுவிட்டு, அண்ணாந்து கூரையைப் பார்க்கிறவர்களைக் கவனிக்க வேண்டும். கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்குப் புடவை மேல் வேறு எண்ணம் இருக்கும். அதனால், வீட்டில் அப்பா கூடத்துக் கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நைசாகப் பால்கனிப் பக்கம் நழுவியதை என் போனில் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் ஏதோ செய்கிறார்.

கேமராவை வைத்தது நான்தான். அம்மா போன பிறகு மந்தைவெளி ஃப்ளாட்டில் அப்பாவும் நானும் மட்டும். ஒருநாள் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தவர், நான் கடையிலிருந்து வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். மறுநாளே ஆளைக் கூட்டிவந்து கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். கடையில் இருந்தபடியே பார்க்கலாம், பேசலாம். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று நான் இங்கே கேட்டால் அங்கே சுவரிலிருந்து என் குரல் வரும். ஆரம்பத்தில் திடுக்கிடுவார். அப்புறம் பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பால்கனி கேமராவின் கண்ணுக்கு எட்டாது, காதுக்கு எட்டும். சாப்பாட்டு இடைவேளையில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அப்பா அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். சர்வீஸ் முழுக்க இங்கிலீஷில்தான் டிராஃப்ட் எழுதினார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வரி பேசி நான் கேட்டதே இல்லை. கிரெடிட் கார்டு விற்கிற பெண் போனில் இங்கிலீஷில் ஆரம்பித்தால், சூடான பாத்திரத்தைத் தருவது மாதிரி போனை என் கையில் திணித்துவிடுவார்.

"ஐ ஹேவ் லிவ்டு இன் மைலாப்பூர் சைட் சின்ஸ் மை மேரேஜ்."

தொண்டையைச் செருமினார்.

"ஐ ஹேவ் பீன் வித் மை டாட்டர் ஆஃப்டர் மை வைஃப்ஸ் எக்ஸ்பையரி. ஐ ஹேவ் நாட் பீன் இன் எனி ஹாஸ்பிடல் ஃபார் எனி மேஜர் டிசீஸ்."

வாரக்கணக்கில் இதே பாட்டு. எல்லாமே அந்த ஒரே ஜாதி வாக்கியங்கள். இங்கே இவ்வளவு காலமாக இருந்திருக்கிறேன், இன்னாரோடு வாழ்ந்திருக்கிறேன், எந்த வம்புக்கும் போனதில்லை. ஒரு மனிதனிடம் இப்படி மொத்த வாழ்க்கையையும் ஒப்பிக்கச் சொல்கிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். ஒன்று போலீஸ், இன்னொன்று விசா கொடுக்கிறவர்கள்.

விசா என்றதும் கனடாவில் இருக்கிற தம்பி ஞாபகத்துக்கு வந்தான். அம்மா காரியத்துக்கு வந்தபோதே, "அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடறேனே" என்று இழுத்தவன். அன்றைக்கே போன் போட்டேன்.

"அப்பாவா? இங்கிலீஷா?" என்று சிரித்தான். "எனக்கெப்படிக்கா தெரியும்? நீதானே கேமரா வெச்சிருக்கே!"

அவன் சிரித்த தினுசே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு, டிக்கெட் கைக்கு வந்ததும் சொல்வார்கள் என்று தோன்றியது. அப்பா இல்லாத அந்த வீட்டைத் தினமும் நானே சாவி போட்டுத் திறந்து உள்ளே போக வேண்டும். எனக்கென்று வேறு யாரும் இல்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, நிற்காமல் போய் வெகுநாளாயிற்று. அப்பாவும் போய்விட்டால் நான் யாருக்காக வீடு திரும்ப வேண்டும்?

ராத்திரி சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேட்டேன். "என்னப்பா, இங்கிலீஷெல்லாம் தூள் பறக்குது?"

"சும்மாதாம்மா. டைம் பாஸ்" என்றார். சாம்பாரில் இருந்த முருங்கைக்காயை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டார்.

டைம் பாஸாம்! கடையில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் எல்லாரும் முதலில் இப்படித்தான் வேறெங்கோ பார்ப்பார்கள்.

அந்த வாரமே ஒருநாள், அவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்குவதைக் காலையில் பார்த்தேன். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற சட்டை. கடைக்குப் போன் செய்து தலைவலி என்று லீவு சொன்னேன். வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, எதிர்ப்புறம் மருந்துக்கடை நிழலில் நின்றுகொண்டேன். பத்து மணிவாக்கில் அப்பா இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, ஷூ, நெற்றியில் பளிச்சென்று விபூதி. ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினார். நானும் பின்னால் வந்த ஆட்டோவில் ஏறி, முன்னால் போகிற வண்டியை விடாமல் பிடிக்கச் சொன்னேன்.

"யாரு மேடம், வீட்டுக்காரா?" என்று கேட்டார் டிரைவர், கண்ணாடி வழியாக.

"எங்கப்பா."

"அப்பாவையா ஃபாலோ பண்ணினு போறே? இன்னா மேடம் நீ! பெருசு எங்கனா ஓடிப்பூடுமா?"

பேசாமல் ஓட்டுங்கள் என்றேன். திரு.வி.க. பாலத்தைத் தாண்டி அடையாறுக்குள் திரும்பி, மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் பழைய பங்களா முன்னால் அப்பாவின் ஆட்டோ நின்றது. அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, கிட்டே போய்ப் பலகையைப் படித்தேன். முதியோர் இல்லம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கனடாவாவது மகன் வீடு. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது முதியோர் இல்லமா? யாரோ இவரை மயக்கியிருக்கிறார்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று விடுவிடுவென்று உள்ளே நடந்தேன். ஆபீஸ் அறை வாசலில் திரைச்சீலை. உள்ளே அப்பாவின் குரல் கேட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. ஒட்டுக்கேட்பது எனக்குப் புதிதா என்ன?

மேனேஜர் வடக்கத்திக்காரர் போல. வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மகள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா என்று இங்கிலீஷில் தணிந்த குரலில் கேட்டார்.

"நோ சார், நோ" என்று அப்பா பதறினார். "ஷி இஸ் எ வெரி குட் கேர்ள். ஐ ஹேவ் ஈட்டன் ஃப்ரம் ஹர் ஹேண்ட் எவ்ரி டே. ஷி ஹேஸ் நாட் ஸ்போக்கன் இன் ஆங்கர் ஈவன் ஒன்ஸ்."

அப்புறம் எதற்கு இங்கே வந்தாராம்? தனியாக இருக்கிறது, பேச்சுத்துணை இல்லை என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவசரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பகலில் ஒரு ஆளைப் போட்டுவிடலாம்.

"பட் சார்," என்றார் அப்பா. ஆபீஸ் நோட் எழுதுகிற மாதிரி வார்த்தை வார்த்தையாக வைத்தார். "ஷி ஹேஸ் கெப்ட் மீ அண்டர் அப்சர்வேஷன். ஐ ஹேவ் நாட் பீன் அலோன் இன் மை ஓன் ஹவுஸ், ஈவன் ஃபார் ஒன் அவர். மை வைஃப் ஹேஸ் பாஸ்டு அவே, சார். ஐ ஹேவ் நாட் க்ரைடு ஃபார் ஹர் டில் டேட். வேர் டு க்ரை?"

நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தேன், ஆனால் கை எழவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"கடைக்குப் போகல?"

"இல்லப்பா."

"வீட்டுலேர்ந்தே பின்னாடி வந்தியா?"

தலையை ஆட்டினேன். அப்பா கோபப்படவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, என்னைக் கையால் காட்டி, "சார், ப்ளீஸ் சீ" என்றார்.

மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அழுதேன், வெட்கமில்லாமல். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. கேமராவ கழட்டிப் போட்டிருப்பேனே."

"நீ கழட்டிடுவேம்மா. அப்புறம் மணிக்கொரு தரம் போன் பண்ணுவே" என்றார். "எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு உனக்கு பயம். அது எனக்குத் தெரியாதா? அந்த பயத்த வெச்சுக்கிட்டு நீ என்னைப் பார்க்கறே பாரு, அதான் என்னால தாங்க முடியல."

இதை அவர் தமிழில்தான் சொன்னார். குடும்பத்தில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். போட்டுக் கொடுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். முதலில் போன் செய்து வரலாமா என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் வரச் சொல்வார். சில ஞாயிறுகளில், "இன்னைக்கு வேணாம்மா, வேலை இருக்கு" என்கிறார். அங்கே அவருக்கு அப்படி என்ன வேலை என்று நாக்கு நுனி வரை வரும். கேட்பதில்லை.