சவிட்டு, பிடி, விடு

அந்த வருடம் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை, எல்லாம் என் வழியாக நடந்தது. "சோறு எடுத்து வச்சிருக்குண்ணு அப்பாட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா கை கழுவிவிட்டு அதே அறையில்தான் நின்றுகொண்டிருப்பார். நான் திரும்பி நின்று சொல்வேன். "பசியில்லைண்ணு சொல்லு" என்பார். அதையும் சொல்வேன். மூன்றாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அது ஒரு பதவி மாதிரி இருந்தது. என்னைக் கேட்காமல் அந்த வீட்டில் உப்புகூட வாங்க முடியாது. சண்டைக்குக் காரணம் எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. வளர்ந்தபின் இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கதைகள் கிடைத்தன.

வாழைக்குலையும் தேங்காயும் ஏற்றும் சின்ன லாரி ஒன்று அப்பாவிடம் இருந்தது. அந்தக் கோடை விடுமுறையில் அதன் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகியது. அப்பாவே சக்கரத்தைக் கழற்றி உள்ளே ரப்பர் வாஷரை மாற்றினார். மாற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. பெடலை அழுத்தினால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிளை, அந்தச் சின்னத் திருகைத் திறந்தால், ஆயிலும் காற்றும் கீழே வைத்த பாட்டிலில் குமிழி குமிழியாக வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப ஏறிக்கொள்ளும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்தது. மறுநாள் காலையில் பேச்சிப்பாறைக்கு, அம்மா பிறந்த வீட்டுக்கு, லாரியில் போகிறோம் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போய் நாளாகியிருந்தது. மேடும் இறக்கமுமான பாதை, பிரேக் சரியில்லாமல் கிளம்ப முடியாது. முதலில் என்னைத்தான் டிரைவர் சீட்டில் ஏற்றினார். நுனிக்குச் சறுக்கி உட்கார்ந்தும் கால் எட்டவில்லை. அப்பா கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அம்மையை வரச் சொல்லு."

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள், ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். நான் லாரிக் கதவின் படியில் தொற்றிக்கொண்டு நின்றேன். வண்டிக்கு அடியிலிருந்து "சவிட்டச் சொல்லு" என்று அப்பாவின் குரல் வரும். எங்கள் பக்கத்தில் மிதிப்பதைச் சவிட்டு என்போம். நான் அம்மாவிடம் சொல்வேன். "சவிட்டியாச்சுண்ணு சொல்லு" என்பாள். குனிந்து அப்பாவிடம் சொல்வேன். "பிடிச்சிருக்கச் சொல்லு" என்பார். அது என் வாயிலிருந்து அம்மாவைப் போய்ச் சேர்வதற்குள் அவள் காலை எடுத்திருப்பாள். பாட்டிலில் குமிழி அடங்கவே இல்லை. எடுத்த காற்றெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, நான் சொல்லாம காலை எடுக்காத."

அது எனக்கு வந்த வார்த்தை இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"சொன்னாத்தானே தெரியும்."

கீழே ஸ்பானர் இரும்பில் பொருந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சவிட்டு."

"சவிட்டிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

ஒவ்வொரு சக்கரமாக அது நடந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. பதவி போனதில் எனக்கு வருத்தமே இல்லை. இறங்கி மரத்தடியில் உட்கார்ந்து, பாட்டு கேட்பதுபோல அந்த மூன்று சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"கல்லு மாதிரி நிக்குது."

அப்பா வெளியே வந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா மட்டும் பெடலிலிருந்து காலை எடுக்காமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓட்டுவதுபோல விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய், அப்பாவும் அம்மாவும் பேசிவிட்டார்கள் என்று சொன்னேன். அந்த வீட்டு அக்கா என் தலையைத் தடவி, கை நிறையச் சிப்ஸ் அள்ளித் தந்தாள். அவளுக்கும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

காலையில் லாரியில் அம்மாவின் கட்டில் ஏறியது. தையல் மெஷின், பித்தளைப் பானைகள், கல்யாணத்துக்கு வந்த பீரோ, எல்லாம் ஏறின. எதற்கு என்று கேட்டேன். "அங்க வேணும் மக்கா" என்றாள் அம்மா. அப்பா தன் கைலிகளையும் போர்வையையும் கொண்டுவந்து பீரோவைச் சுற்றிக் கட்டினார். கண்ணாடி இருந்த பக்கம் தலையணை வைத்தார். அம்மாவின் பொருளை அவர் அத்தனை பதமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. நேற்றுப் பேசியதன் பலன் என்று எண்ணிக்கொண்டேன்.

பேச்சிப்பாறையில் அம்மாவின் அண்ணன் வாசலில் காத்து நின்றார். அப்பா கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். எதிலும் ஒரு கீறல் இல்லை. கடைசியில் முன்சீட்டிலிருந்து என்னையும் தூக்கி, அலுங்காமல் இறக்கிவிட்டார். அம்மாவோ நானோ அதற்குப் பிறகு அப்பாவின் வீட்டுக்குத் திரும்பியதே இல்லை. அப்பா லாரியில் ஏறும் முன் மாமாவிடம், "நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று ஒன்றுதான் சொன்னார்.

பீரோவைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.