ஆறு மணிக் கடைசி பஸ்

இரண்டு வருடத்துக்கு முன், ஜெர்மனியின் தெற்கெல்லையில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் நடந்தது இது. மேல்முனையில் உள்ள ஹோட்டல் குசினியில் நானும் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்காவும் கோப்பை, தட்டுக் கழுவுகிறோம். இருவருக்கும் வீடு கீழே, பள்ளத்தாக்கின் வாசலில்.

அந்தக் கோடையில் மலையைக் காப்பாற்ற ஒரு புதிய திட்டம் வந்தது. கார்களைக் கீழேயே மறித்துவிட்டு, மின்சார பஸ்ஸில் ஆட்களை ஏற்றினார்கள். நல்ல திட்டம்தான், நானே கைதட்டினேன். புகை போனதும் என் இருமல்கூடக் குறைந்தது. ஆனால் முன்பு இரவிலும் ஓடிய பஸ், இப்போது மாலை ஆறு மணியோடு சரி. வெளிச்சமும் சத்தமும் மான்களைக் குழப்புமாம். மானுக்கெல்லாம் யோசித்த மகான்கள், இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவுகிறவர்கள் எப்படி வீடு போவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வேலை முடிந்து இருட்டில் நடந்தே இறங்கினோம். கிராமசபையில் கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். முதலாளியிடம் கேட்டேன். கஷ்டமென்றால் வேறு வேலை தேடலாமே என்றார். ஒருநாள் மழைக்குள் அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தக் கையோடு மறுநாளும் வேலைக்கு வந்து நின்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“அக்கா, கடைசி பஸ் ஆறு மணிக்கெண்டால் எங்கட வேலையும் ஆறு மணியோட முடிஞ்சுது. இண்டைக்கு பஸ்ஸிலதான் போறம்,” என்றேன்.

“உனக்கென்ன விசரோ? வேலையால நிப்பாட்டிப் போடுவினம். எனக்கு ஏலாது,” என்றார் அக்கா.

அன்று சனிக்கிழமை, சாப்பாட்டு மண்டபம் நிறைய ஆட்கள். நான் ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு நடந்தேன். இந்த வேலை போனால் அந்தப் பக்கத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. பஸ் நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்தால், வீங்கிய கையைப் பிடித்தபடி அக்கா பின்னால் வந்துகொண்டிருக்கிறார்.

நாங்கள் ஏறி உட்காரவும் முதலாளி மூச்சிரைக்க ஓடி வந்து, பஸ்ஸை எடுக்க வேண்டாம் என்று கத்தினார். பஸ் ஓட்டிய இளம்பெண் எங்களைத் திரும்பிப் பார்த்து, இறங்குகிறீர்களா என்று கேட்டாள். அவ்வளவு வீரம் பேசிய நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். “இல்லை, நாங்கள் போறம்,” என்று ஜெர்மன் மொழியில் பதில் சொன்னது, ஒரு கோப்பை உடைந்தாலே நடுங்குகிற அக்கா. கதவு மூடியது.

அன்றிரவு முதலாளியே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கோப்பை கழுவினாராம். சமையற்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாளும் நாங்கள் ஆறு மணிக்கே கிளம்பினோம், அதற்கடுத்த நாளும். அந்த மலையில் கோப்பை கழுவ வேறு ஆள் கிடைக்காமல், கடைசியில் முதலாளியே கிராமசபை வாசலில் போய் இரவு பஸ் கேட்டு நின்றார், எங்களில் உள்ள பாசத்தில் அல்ல, தன் கோப்பைகளில் உள்ள கவலையில். இப்போது வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு சின்ன மின்சார பஸ் சத்தமில்லாமல் எங்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது.

மலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மலையில் வாழ்கிறவர்களில் நாங்களும் அடக்கம் என்பதை இனி எவரிடமும் கெஞ்சிச் சொல்ல மாட்டேன்.