வேனில் எழுதியிருந்த கடவுச்சொல்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த திருமண அலங்காரக் கடைக்கு ஒரு மஞ்சள் வேன் உண்டு. அதன் இரண்டு பக்கமும் பின்கதவிலும் கடையின் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். மணவறைச் சாமான்களோடு அந்த எண்ணும் செந்தூல், கிள்ளான் என்று தினமும் ஊர்வலம் போகும். இதில் வேடிக்கை, கடையின் மின்னஞ்சல், மடிக்கணினி, வாசல் கேமரா எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் அதே எண்தான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, “மறந்துட்டா வெளியே போய் வேனைப் பாரு லா” என்றார் முதலாளி அக்கா. நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்கும் தோன்றியது.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவர். மொத்த வியாபாரப் பூக்கடைகளில் அவரை ஏமாற்றி வாடிய பூ விற்க ஒருவரும் பிறக்கவில்லை. ஆனால் யாராவது “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டால் போதும், மனசு இளகிவிடும். முன்பின் தெரியாத லோரி ஓட்டுநர் அப்படிக் கூப்பிட்டதற்காகக் கல்யாணச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

தை மாதம், கல்யாணங்கள் வரிசைகட்டி நின்ற நேரம். ஒரு காலையில் கடையின் வாட்சப்புக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. ‘அக்கா, என்னோட கோட் தவறி உங்க போனுக்கு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்க அக்கா.’ சொன்னபடியே ஒரு குறுஞ்செய்தியில் கோட் எண்கள் வந்திருந்தன. அக்கா பார்த்தார், அனுப்பினார், தேங்காய்க்கு மஞ்சள் பூசப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கடையின் வாட்சப் எங்களிடம் இல்லை. அந்த எண்கள் எங்கள் வாட்சப்பையே திறக்கும் சாவி. அந்த வாடிக்கையாளரின் கணக்கையும் அதே திருடன்தான் முன்பே பிடித்து வைத்திருந்தான். எங்கள் கணக்குக்குள் புகுந்தவன் தனக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணால் பூட்டும் போட்டுவிட்டான். திரும்பக் கிடைக்க ஒரு வாரமாவது ஆகும் என்று தெரிந்தது.

அக்கா அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “அக்கான்னு கூப்பிட்டான் லா, எப்படி அனுப்பாம இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் வாடிக்கையாளர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். கடையின் பெயரில், கடையின் படத்தோடு, முன்பணத்தைப் புதிய வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லி அவர்களுக்கெல்லாம் செய்தி போயிருந்தது. ஒருவர் ஏமாந்தாலும் போதும், இத்தனை வருடம் கட்டிக் காத்த பேர் போய்விடும். எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லலாமென்றால், பாதிப் பேருடைய எண்கள் அந்த வாட்சப்போடு போய்விட்டன.

அப்போதுதான் அக்கா எழுந்து, “போம் எடு” என்றார். மாப்பிள்ளை பெண் பெயரைப் போம் என்ற இலேசான வெள்ளை நுரைப்பலகையில் எழுத்தாக வெட்டி, பூ ஒட்டி, மணவறைக்குப் பின்னால் மாட்டுவது எங்கள் தொழில். அன்று காலை பெயருக்குப் பதிலாக ‘எங்க வாட்சப் திருடு போச்சு, நம்பாதீங்க’ என்று வெட்டினோம். எவ்வளவு வேகமாக வெட்டினோம் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. மஞ்சள் சாமந்தியை எழுத்தெழுத்தாக ஒட்டிக்கொண்டே வந்தோம். கடைசி ‘க’வுக்குச் சாமந்தி தீர்ந்துபோய்விட்டது. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், யாரோ ஒரு மணப்பெண்ணுக்கு வைத்திருந்த ஊதா ஆர்க்கிட்டை எடுத்து ஒட்டினார். பலகையை வேனின் தலையில் கட்டி, கோயில் வாசல், பாசார் சந்தை, ஸ்டேஷன் என்று ஹாரன் அடித்தபடி ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே கையை நீட்டிப் பலகை விழாமல் பிடித்துக்கொண்டேன்.

பூவால் எழுதிய எச்சரிக்கையை அதற்கு முன் யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள், ஸ்டேட்டஸில் போட்டார்கள். மதியத்துக்குள் படம் எங்களைவிட வேகமாக ஊர் சுற்றியது. காப்பார் ஊரில் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா பணம் அனுப்பப் போன நேரத்தில் மகள் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அவரே நேரில் வந்து சொன்னார். அக்கா அப்போதுதான் அழுதார்.

அந்த வாரமே கடை தலைகீழாக மாறியது. எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருந்த எல்லாவற்றையும் மாற்றினோம், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நீளமான சொல். நல்லவேளை, வேனில் எழுதியிருந்ததே சாவி என்று அந்தத் திருடனுக்குத் தெரியவில்லை. வாட்சப் திரும்பி வந்ததும் இரண்டாவது பூட்டுப் போட்டோம். வங்கிக் கணக்கு மாறினால் செய்தியில் சொல்ல மாட்டோம், கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று ரசீதிலேயே அச்சடித்தோம். “கோட் கேட்டா, கூடப் பொறந்தவனா இருந்தாலும் குடுக்காதே” என்பது சட்டமானது. போதாததற்கு, அக்கா தன் தங்கையின் போனிலிருந்து ‘கோட் அனுப்பு லா’ என்று செய்தி போட்டு எங்களைச் சோதிப்பார். மாட்டிக்கொண்டவர் அன்று எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கித் தர வேண்டும். பாதுகாப்பு என்பது இவ்வளவு குதூகலமான விஷயம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இப்போது நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். போன மாதம் கிள்ளானில் ஒரு மண்டபத்துக்கு எதிரே அந்த மஞ்சள் வேன் நின்றது. அதே எண், புதுப் பெயிண்ட். சாலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்த எண்ணை அழுத்தினேன். வேனுக்குள் அக்கா போனை எடுப்பது தெரிந்தது. என் பெயரைச் சொன்னேன். என் எண் மாறியிருந்தது, அவர் நம்பவில்லை.

“குரலை வெச்செல்லாம் இப்ப நம்ப முடியாது லா. கடைசி ‘க’ எந்தப் பூ?”

“ஆர்க்கிட், அக்கா. ஊதா.”

வேனின் கண்ணாடி இறங்கியது. அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டி, சாலை முழுக்கத் தேடி என்னைக் கண்டுபிடித்துக் கையாட்டினார். இதை எழுதி உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அக்கா இனிக் கேள்வியை மாற்றியாக வேண்டும்.