ஐந்தெழுத்துப் பூட்டு

வீட்டுக்காரி வேலையில் பாதி பூட்டுவதுதான்: பீரோ, பால்கனி, மொட்டைமாடிக் கதவு. கம்பியில்லாத இன்டர்நெட் வந்த புதிதில், அதையும் பூட்ட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னைப்போல் ஏமாந்த சகோதரிகளே, கோபத்தோடுதான் எழுதுகிறேன். சுவாமி பொறுத்துக்கொள்ளட்டும்.

காற்று பொதுவாம்

வங்காளத்தில், டாலிகஞ்சில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்த கம்பெனி ஆள், பெட்டியை வைத்து விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது ஒரே காரியத்துக்குத்தான். அமெரிக்காவில் மகள் உமாவுக்கு ஏழாம் மாதம். எனக்கு விசா கிடைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் அவள் முகத்தைப் பார்த்தால்தான் உண்டு.

அந்த முகமோ பேச்சின் நடுவில் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். மகன் பாஸ்கர் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியாள் மூன்று பேர் நம் இணைப்பில் இருக்கிறார்கள் என்றான். ஒன்றில் கோஷ் என்று பெயரே இருந்தது. மேல்மாடிக்காரர். தினமும் சினிமா இறக்குகிறாராம். போய்க் கேட்டேன். என்னை எப்போதும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "காத்துல வந்ததைத்தானே எடுத்தேன் பௌதி, உங்க சமையல்கட்டுலேர்ந்தா எடுத்தேன்?"

ஆபீஸில் மட்டும்

பாஸ்கருக்கு இதே ஊரில், சால்ட் லேக்கில் உத்தியோகம். உத்தியோகமே, எங்கேயோ இருக்கும் கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையாமல் பார்ப்பது! பெற்ற வீட்டுக்கு ஒரு பூட்டுப் போடச் சொன்னேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஐந்தாவது ஞாயிறு போர்வையை இழுத்தேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது: "ஆபீஸ்லதாம்மா நான் செக்யூரிட்டி. இன்னிக்கு வெறும் மனுஷன்."

எழுத்து எண்ணியவர்

கம்பெனி ஆளையே மறுபடி வரவழைத்தேன். "சரியா அஞ்சு எழுத்துல ஒரு ரகசிய வார்த்தை சொல்லுங்க மாஷிமா" என்றார், சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு மெய் சிலிர்த்தது. ஐந்தெழுத்து என்றால் வேறு என்ன? "நமசிவாய" என்றேன். இங்கிலீஷில் அடித்துப் பார்த்து, பத்து வருகிறது என்று உதட்டைப் பிதுக்கினார். "முருகா" என்றேன். ஆறு. என்னைக் கேட்காமலே நடுவில் ஒரு எழுத்தை எடுத்துப் பெட்டியில் ஏற்றிவிட்டார். வாசித்துப் பார்த்தேன். முர்கா! ஹிந்தியில் சேவல்! முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. மாற்றச் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "கடவுளா இருந்தாலும் அஞ்சு எழுத்துதான் மாஷிமா."

மாடிப்படியில்

அவருக்கு வாய் நிற்குமா? எங்கள் வீட்டுச் சேவல் கதையை எதிர் ஃப்ளாட்டில் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை உமா வயிற்றைக் காட்ட நாற்காலியிலிருந்து எழுந்தாள். பாதி எழுந்தவள் பாதியிலேயே நின்றுபோனாள். முக்கால் மணி நேரம் அந்தப் பாதிப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். மீன் பையோடு கோஷ்பாபு எதிரே படியேறி வந்தார். வந்தவர், என்னிடமே புகார் சொன்னார்: "உங்க முர்கா இன்னிக்கு ஓடவே மாட்டேங்குதே பௌதி!"

வாய் தவறியது

இருபது வருஷமாக அவரை மரியாதையாக 'ஆப்னி' என்று பேசியவள் நான். அன்று 'துமி' என்று ஒருமையில் வந்துவிட்டது. "உனக்கு சினிமா. எனக்கு என் பெண்ணுடா!" என்று தமிழும் வங்காளமுமாகக் கத்தியதில் மூன்று மாடிக் கதவும் திறந்தது. வீட்டுக்குள் வந்து சுவாமி முன் உட்கார்ந்தேன். சுலோகம் வரவில்லை.

பாஸ்கர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நேரே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இப்போது வேறு மாதிரிப் பூட்டு வந்திருக்கிறதாம், எத்தனை எழுத்தும் கொள்ளுமாம். என்னையே அடிக்கச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன வார்த்தை என்று உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

மறு சனிக்கிழமை உமா முழுசாக எழுந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றாள். படம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நான்தான் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் திரையைத் தட்டினாள்: "அம்மா, நீ நின்னு போயிட்டியா, இல்ல லைன் நின்னு போச்சா?"

கோஷ்பாபு இப்போது சொந்தமாக இணைப்பு வாங்கி அதைப் பூட்டாமலே வைத்திருக்கிறாராம். அதைத் தொடும் புத்தி எனக்கு வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.