பக்கத்துக் குழியில் நீலம்

எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி உடுத்துபவர் யாரும் இல்லை. ஆனாலும் குளியலறை அலமாரியில் ஒரு சொட்டு நீலப் புட்டி இருக்கிறது. அடியில் காய்ந்த நீலம் ஒரு விரற்கடை மிச்சம். வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் மனைவி அதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள். நான் எடுத்து மறுபடி வைத்துவிடுவேன்.

வடக்கே, வாகட் என்னும் புறநகரில் அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கிய காலம். பத்தாம் வகுப்போடு விழுப்புரத்திலிருந்து வந்த எனக்கு, ஒரு கட்டட சைட்டில் அஸ்திவாரக் குழியின் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும் வேலை கிடைத்தது. முதல் வேலை. மழை விட்டு நாலு நாளாக மோட்டார் ஓடியும் தண்ணீர் முழங்காலை விட்டு இறங்கவில்லை. நாளைக் காலை காங்கிரீட் வண்டி வரும், அதற்குள் குழி காயாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று இஞ்சினியர் சொல்லிவிட்டார்.

தகர வேலிக்கு அந்தப் பக்கத்து சைட்டிலும் ஒரு குழி, ஒரு மோட்டார்காரர். பெரிய மீசை, எந்நேரமும் வெள்ளைப் பனியன். தண்ணீர் குறைந்ததா என்று தினமும் ஹிந்தியில் கேட்பார். "பானி கம் ஹுவா?" "நஹி" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இருவர் ஹோஸும் வேலியோரத்தில்தான் முடிந்தன. அங்கே கல் கொட்டி மூடிய பழைய வாய்க்கால் ஒன்று உண்டு. நான் இறைப்பது அவர் குழிக்கும், அவர் இறைப்பது என் குழிக்கும் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். கேட்கும் அளவுக்கு எனக்கு ஹிந்தி வராது. வாயால் கேட்க முடியாததை நீலத்தை விட்டுக் கேட்டேன். கடையில் புட்டி வாங்கி, என் ஹோஸிலிருந்து விழுந்த தண்ணீரில் முக்கால்வாசியை ஊற்றினேன்.

ஒரு மணி நேரத்தில் வேலிக்கு மேல் மீசை தெரிந்தது. இறைக்கும் தண்ணீரில்தான் அவர் பனியன் துவைப்பார். கையிலிருந்த பனியன் வானத்து நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "கிஸ்னே கியா?" என்று, யார் செய்ததென ஹிந்தியில் கத்தியவர், பிறகு தனக்குத்தானே, "எந்தப் பய தண்ணியில நீலத்தக் கரைச்சானோ" என்றார்.

"நான்தாண்ணே."

பனியனை மறந்து என்னையே பார்த்தார். "ஏல, நீ தமிழா? நாலு நாளா ஹிந்தி பேசி என்னையக் கொன்னுட்டியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு எல்லாவற்றையும் சொல்லியும் விட்டேன். வேலி தாண்டி வந்து பார்த்தார். என் குழியின் ஓரத்துக் கல்லிடுக்கில் மெல்லிய நீலம் கசிந்துகொண்டிருந்தது.

"ஒரே தண்ணிய ஆளுக்காள் தள்ளி வெளையாண்டிருக்கோம். ரெண்டும் ஒரே குழிதாம்ல. நாளைக்கு காங்கிரீட் ஒனக்குத்தான? ஒன் மோட்டாரே ஓடட்டும்."

தன் மோட்டாரை நிறுத்திவிட்டு, தன் ஹோஸைக் கழற்றி என் ஹோஸோடு சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். இருவருமாக அதைத் தூரத்தில் இருந்த நாலா என்ற பெரிய சாக்கடை வரை இழுத்துப் போட்டோம். மதியத்துக்குள் இரண்டு குழிகளிலும் தண்ணீர் சேர்ந்தே இறங்கியது. சாயங்காலம் என் குழியில் தரை தெரிந்தது. அந்தத் தரையைப் பார்த்த அளவு ஆசையாக நான் வேறெதையும் பார்த்ததில்லை.

"ஒங்க பனியன் போச்சேண்ணே" என்றேன்.

"புதுசு வாங்கித் தா. இனி ஒனக்கு வேல இருக்கும்ல."

மறுநாள் காங்கிரீட் விழுந்தது. பனியன் வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் அந்தப் பழைய நீலப் பனியனைத்தான் அவர் கிழியும்வரை போட்டார்.

இப்போது அண்ணன் நகரின் மறுபக்கம், வானவடியில் மகனோடு இருக்கிறார். இன்று காலை இந்த வருடத்தின் முதல் பெருமழை. அலமாரியில் புட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பானி கம் ஹுவா?"

"நஹிண்ணே" என்றேன்.