ரேகை கேட்ட பங்குனி

கட்டின பெண்டாட்டியைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம். என் வீட்டுக்காரர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, செய்து காட்டினார். சிதம்பரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, கடலூரில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்க் கைக்குழந்தையோடு திரும்பிய எனக்கு அவர் வைத்த சீர் ஒரு சம்பளப் பட்டியலும் மைப்பெட்டியும்தான். அறுபதுகளின் பின்பாதி அது. இருந்த கணக்குப்பிள்ளை பண்ருட்டியில் பெரிய மண்டி ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார்.

எங்களுடையது முந்திரி உடைக்கிற கொட்டகை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வரும். அதை வறுத்து, ஆறவைத்து, கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பெடுக்க வேண்டும். இருபது பெண்களுக்கு மேல் வரிசையாகக் குந்தி உடைப்பார்கள். பாதிப் பேர் கடலோரக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் குடியானவர் வீட்டுப் பெண்கள், காட்டு வேலை இல்லாத நாளில் வருவார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் கசியும். அது பட்ட இடம் வெந்து தோல் உரியும். அதற்காகப் பக்கத்தில் ஒரு சாம்பல் சட்டி இருக்கும். கையைச் சாம்பலில் புரட்டிக்கொண்டு உடைப்பார்கள். சாம்பல் காப்பாற்றும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். காப்பாற்றியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலை எனக்கு இருந்திருக்காது.

என் மாமனார் காலத்தில் வருஷக் கணக்கு முடிக்கும்போது ஆளுக்கு ஒரு புடவையும் கையில் கொஞ்சம் பணமும் கொடுப்பார்களாம். அதோடு சரி. புதிதாகப் போனஸ் சட்டம் வந்து அந்த வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. எங்கள் கணக்கைப் பார்த்த ஆடிட்டர் சிதம்பரத்தில் இருந்தார். என் அப்பாவுக்குச் சிநேகிதர், நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"புடவை கிடவையெல்லாம் இனிமே கணக்குல ஏறாதும்மா," என்றார் அவர். "ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல தொகை, ரெவின்யூ ஸ்டாம்பு, அதுமேல கைநாட்டு. அது இல்லேன்னா நீங்க குடுத்தது குடுத்ததே இல்ல."

பங்குனி பிறந்ததும் தொழிலாளர் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பழைய கணக்குப்பிள்ளை போன வருஷம் வாங்கி வைத்திருந்த கைநாட்டுகளைப் பார்த்தார். ஸ்டாம்பு தவறாமல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கறுப்புத் திட்டு. ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை.

"இத்தினி பேருக்கும் ஒரே கட்டைவிரலா? முதலாளியே உக்காந்து உருட்டிட்டாரா?"

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. அவர் பணத்தில் கெட்டி, ஆனால் ஏமாற்றுக்காரர் இல்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குள் போய் எல்லோரையும் எழுப்பி அழைத்து வந்தேன். "கையைக் காட்டுங்க இவருக்கு," என்றேன். காட்டினார்கள். கறுத்து, வெடித்து, விரல் நுனியெல்லாம் மழுமழுவென்று இருந்தது. எண்ணெய் தின்றது போக மீந்த கை. ரேகை எங்கிருந்து வரும்?

அதிகாரி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "எனக்குக் கண்ணு இருக்குதும்மா, ஃபைலுக்கு இல்லியே," என்றார். மார்ச் மாசக் கடைசியில் திரும்பி வருவதாகவும், வருஷ முடிவுச் சம்பளத்தையும் போனஸையும் தன் எதிரில்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ரேகை விழுந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். விழாதவர்களுக்குக் கொடுத்தால் இல்லாத ஆள் பேரில் பணம் எழுதியதாகக் கேஸ் போடுவார்கள்.

இந்தச் சேதி எல்லோரையும்விட ஒருத்தி தலையில்தான் இடியாக இறங்கியது. கொட்டகையே அவளைப் பெரியக்கா என்று கூப்பிடும். குப்பத்துக்காரி, புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். பாவாடை கட்டின வயசில் இங்கே உடைக்க உட்கார்ந்தவள் நாற்பது தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஒரே மகள். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு இது தலைச்சன், ஒன்பதாம் மாசம். ஏழாம் மாசத்தில் கூட்டி வந்திருக்க வேண்டும். வளையல், புடவை, பலகாரத் தட்டு என்று சீரோடு வராவிட்டால் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். கையில் காசில்லாமல் அந்த மாசம் போய்விட்டது. இந்தப் பங்குனியும் போய்விட்டால் பத்தாம் மாசம் ஏறிவிடும். மாசம் ஏறினவளை ஆற்றைத் தாண்டி அனுப்ப மாட்டார்கள். அந்த வீட்டு மூத்த மருமகள் அங்கேயே பிரசவமாகிச் செத்துப் போனவள். பெரியக்கா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது போல.

"ஏம்மா, அந்தப் பணம் வந்துடும்ல?" என்று தினமும் கேட்பாள்.

"வரும்க்கா."

கடன் கேட்டும் பார்த்தாள். மகள் கல்யாணத்துக்கு வாங்கின முன்பணமே தீரவில்லை என்று என் வீட்டுக்காரர் வாயை அடைத்தார். என்னிடம் தனியாகப் பணம் ஏது? நகையெல்லாம் மாமியார் பெட்டியில். குழந்தைக்கு ஒரு டப்பா பவுடர் வாங்க நானே அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சம்பளப் பட்டியல் தயார் செய்வது என்றால் கூட்டிக் கழிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அந்த மாசம் எனக்கு விரல்களைத் தயார் செய்கிற வேலையாகிவிட்டது. முறைபோட்டு ஆட்களை உடைப்பிலிருந்து எடுத்து, பருப்பின் தோலை உரிக்கிற பக்கம் உட்கார வைத்தேன். அதில் எண்ணெய் படாது. பெரியக்காவை முழுக்கவே அங்கே மாற்றினேன். கூலி குறையுமே என்று இழுத்தாள், விடவில்லை. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன், மஞ்சள் பூசச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் பழைய செய்தித்தாளில் எல்லோரும் கைநாட்டு வைத்துக் காட்ட வேண்டும். பரீட்சை நடத்துகிற வாத்தியாரம்மா போல நான் குனிந்து குனிந்து பார்ப்பேன். வயசுப் பெண்களுக்கு ஒரு வாரத்தில் கோடு தெரிய ஆரம்பித்தது. தோல் புதுசாக வளர்ந்தது. "ஏ, எனக்கு வந்துட்ச்சி, எனக்கு வந்துட்ச்சி," என்று ஒருத்திக்கொருத்தி காட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

பெரியக்காவுக்கு வரவில்லை.

"நல்லா அழுத்துங்கக்கா."

"அழுத்தித்தாம்மா வெக்கிறேன். உள்ள ஒண்ணும் இல்ல போலிருக்குது."

கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துவிடலாமே என்று ஆடிட்டர் மாமாவுக்கு எழுதிக் கேட்டேன். போன வருஷம் கைநாட்டு வைத்தவள் இந்த வருஷம் கையெழுத்துப் போட்டால், ஆளையே மாற்றிவிட்டதாகச் சொல்வார்கள், வேண்டாம் என்று பதில் வந்தது. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சுவர். அவள் விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் எரிச்சல்பட என்ன இருக்கிறது என்று தெரிந்தும் வந்தது.

அதிகாரி சொன்னபடி வந்தார். கொட்டகை வாசலில் மேசை போட்டு, பணப்பையோடு என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். நான் பேரைக் கூப்பிட்டு விரலில் மை தடவினேன். ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். சிலருக்கு அரைகுறைதான், அதிகாரி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, போகட்டும் என்று தலையாட்டினார். கடைசியாகப் பெரியக்கா. கட்டைவிரல் சரிப்படவில்லை, மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தோம். பத்தும் பத்துத் திட்டு. அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

"வேற வழி ஒண்ணு இருக்குது," என்றார் அதிகாரி. "பத்திர ஆபீஸ்ல கை இல்லாதவுங்களுக்குச் செய்யறதுதான். கால் கட்டைவிரலை வெக்கச் சொல்லுங்க."

பெரியக்கா ஓரடி பின்னால் போனாள்.

"பணம் எழுதின தாளு மேல காலையா? லச்சுமிங்க ஐயா அது. என்னால ஆவாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, சட்டுனு வெய்யி," என்றார் என் வீட்டுக்காரர்.

"வேணாம் முதலாளி. தெரியாம கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம். தெரிஞ்சே வெச்சா வெளங்குமா? புள்ளத்தாச்சிப் பொண்ண வெச்சிருக்கேன்."

அதிகாரி மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகினார். "அப்ப அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாசம். எனக்கு எங்கிருந்து அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ. "உங்களுக்குப் பொண்ணு வேணுமா, இந்தத் தாளு வேணுமா?" என்று எல்லோர் எதிரிலும் கத்திவிட்டேன். "சாமிய நான் சமாதானம் பண்ணிக்கிறேன். போய்க் காலைக் கழுவிக்கிட்டு வாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தொட்டிப் பக்கம் போய், காலை இரண்டு மூன்று தரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தரையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் பட்டியலை வைத்தேன். அவள் நின்றபடி காலை நீட்ட, நான் அதைப் பிடித்துக்கொண்டு விரலில் மை தடவினேன். வயசில் மூத்தவர்கள் காலைத் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எனக்குப் பழக்கம். அன்று மைப்பெட்டியோடு தொட்டேன்.

ரேகை விழுந்தது. சுழி சுழியாக, ஒரு கோடு தப்பாமல், அன்றைக்கு விழுந்ததிலேயே அதுதான் தெளிவு. அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. பெரியக்கா அப்படியே குனிந்து, தாளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். உதடு அசைந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டாளோ, எனக்குக் கேட்கவில்லை. பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கைய இந்தக் கொட்டக எடுத்துக்கிச்சி, போவுது. காலையாவது எனக்குன்னு வெச்சிருந்தேம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"என்ன சொல்லிட்டுப் போவுது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாச்சாம்," என்றேன்.

பங்குனி முடியுமுன் மகள் வந்து சேர்ந்தாள். சித்திரையில் பேத்தி பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். நான் குப்பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு நிறைந்துதான் வந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை பார்த்தீர்களா என்று சொல்ல வாயெடுத்து, ஏனோ சொல்லாமல் விட்டேன். அவள் மறுபடி உடைப்புக்கே போய்விட்டாள். உரிக்கிற கூலி அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

மறுவருஷமும் அதே அதிகாரி வந்தார். மேசை போட்டோம். மைப்பெட்டியை நான் திறக்குமுன்னே பெரியக்கா காலைக் கழுவிக்கொண்டு வந்து முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஈரக் காலோடு நின்றார்கள். போன வருஷம் பதினைந்து நாள் தோல் உரிக்க உட்கார்ந்து கூலி குறைந்ததை அவர்கள் மறக்கவில்லை.

"கையெல்லாம் எதுக்கும்மா? பலகையப் போடு," என்றாள் பெரியக்கா. "இதுன்னா ஒரே தரத்துல வந்துடும்."

பலகையைப் போட்டேன். விரலை நீட்டினாள், மை தடவினேன், அழுத்தி எடுத்தாள். ரேகை ஒண்ணாந்தரம். போன வருஷம் போலக் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்று நினைத்துத் தாளை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கொட்டை உடைக்கப் போய்விட்டாள்.